கையில் ஒரு கட்டு லீக்ஸ்: வதக்குவதா, சூப்பா, முழுசாக வேகவைப்பதா, சுடுவதா?

இலையுதிர் காலம் தொடங்கியதும், வெங்காயக் குடும்பத்தைச் சேர்ந்த, நீண்ட வெள்ளைத் தண்டும் பச்சை இலையும் கொண்ட லீக்ஸ் குவிய ஆரம்பிக்கும். கூடவே அந்தக் கேள்வியும் வரும்: "ஆசைப்பட்டு ஒரு கட்டு வாங்கிவிட்டேன், இதை என்ன செய்வது?" கேட்பவர்கள் பெரும்பாலும் நாலைந்து செய்முறைகளைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். ஒன்று வெண்ணெயில் வதக்கு என்கிறது. ஒன்று உருளைக்கிழங்கோடு சூப் வை என்கிறது. இன்னொன்று முழுசாக வேகவை என்கிறது, வேறொன்று தோல் கரியும்வரை சுடு என்கிறது. நாலும் நல்ல சமையல்தான். ஆனால் உங்கள் கையில் இருக்கும் அந்தக் கட்டுக்கு நாலும் பொருந்தாது.

நானும் பல வருடம் அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை விருந்தாளிகளுக்காகத் தடித் தடியான லீக்ஸ் ஆறேழை முழுசாக வேகவைத்து, மேலே கடுகு டிரெஸ்ஸிங் (வினிகரும் எண்ணெயும் கலந்த சாறு) ஊற்றி, அழகாகத் தட்டில் அடுக்கி வைத்தேன். முதல் வாயிலேயே எல்லோருக்கும் பல்லில் நறநறவென்று மண் கடிபட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் குடித்துக்கொண்டார்கள். அன்றைக்குப் புரிந்தது: லீக்ஸுக்கான முடிவைக் குழாயடியிலேயே எடுத்துவிட வேண்டும். எப்படிக் கழுவப்போகிறோம் என்று தெரிந்தால் எப்படி வெட்டுவது என்று தெரியும். வெட்டு முடிவானால் சமையலும் பாதி முடிவான மாதிரி.

## எதையெல்லாம் பார்த்து முடிவெடுப்பது

முதலில் மண். நாம் தண்டு என்று சொல்கிற அந்த வெள்ளைப் பகுதி உண்மையில் தண்டே இல்லை. வாழை மரத்தில் மடல்கள் ஒன்றன்மேல் ஒன்று சுற்றி மரம்போல நிற்கிறதல்லவா, அதே கதைதான் இங்கேயும். இலைகளின் அடிமடல்கள் இறுகச் சுற்றி நிற்கின்றன. அந்தப் பகுதி வெள்ளையாகவும் மென்மையாகவும் வரவேண்டும் என்பதற்காக, செடி வளர வளர விவசாயிகள் அடியில் மண்ணை அணைத்துக்கொண்டே போவார்கள். வெயில் படாத இடம் வெளுத்துப்போகும். ஆனால் மேலே இலைகள் விரியும் இடத்தில் விழுந்த மண், மடல்களுக்கு நடுவே இறங்கிவிடும். அதனால் வெளியே பளிச்சென்று இருக்கிற லீக்ஸை நம்பக் கூடாது. மண் அதிகம் இருப்பது வெள்ளை முடிந்து பச்சை தொடங்கும் அந்த இரண்டு மூன்று அங்குலத்தில்தான்.

இரண்டாவது தடிமன். இலையுதிர் காலத்துக்கென்று வளர்க்கும் ரகங்கள் நீளமாகவும் மெலிந்தும் இருக்கும். கிங் ரிச்சர்ட் என்ற ரகம் அந்த வகை: நீண்ட வெள்ளைத் தண்டு, வெளிர் பச்சை இலை, ஆனால் கடும் உறைபனியைத் தாங்காது. குளிர்காலம் முழுக்க வயலிலேயே நிற்கிற மசல்பரோ போன்ற ரகங்கள் குட்டையாக, தடியாக இருக்கும். ப்ளூ த சொலேஸ் என்ற பிரெஞ்சு ரகத்தின் இலைகள் குளிர் ஏற ஏற ஊதா நிறமே அடித்துவிடும். செப்டம்பர், அக்டோபரில் வாங்குவது பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனில் இருக்கும். நவம்பர் கடந்தால் நாலைந்து சென்டிமீட்டருக்குப் போகும். மெலிந்தது சீக்கிரம், சீராக வேகும். தடித்தது வெளியே குழைந்து உள்ளே கடக்கென்று நிற்கும், அல்லது உள்ளே வெந்து முடிப்பதற்குள் வெளிமடல்கள் கழன்றுவிடும்.

மூன்றாவது, எவ்வளவு வீணாகிறது. கரும்பச்சை இலைகளை வெட்டி எறிகிற செய்முறையாக இருந்தால், ஒரு கிலோ வாங்கியதில் சமைக்க மிஞ்சுவது ஏறக்குறைய பாதிதான். செய்முறையில் "500 கிராம்" என்று இருந்தால் அது வெட்டுவதற்கு முந்தைய எடையா, பிந்தையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நேரம். மொத்த நேரம் ஒன்று, பக்கத்திலேயே நிற்க வேண்டிய நேரம் இன்னொன்று. ஓவனில் 40 நிமிடம் என்பது உங்களுடைய 40 நிமிடம் அல்ல. அடுப்பில் அதிகத் தீயில் 5 நிமிடம் என்பது முழுக்க உங்களுடையது. கடைசியாக, மறுநாளைக்குத் தாங்குமா என்பது. தனியாக இருப்பவர்கள் ஒரு கட்டை ஒரே வேளையில் தீர்க்க முடியாது.

இதில் வெட்டும் கழுவலும் சமையலும் எப்படிக் கோத்துக்கொள்கின்றன என்பதை மட்டும் ஒரு அட்டவணையாகப் போடுகிறேன்.

| வெட்டு | கழுவும் விதம் | மண் போகுமா | ஒத்துவரும் சமையல் |
|---|---|---|---|
| மெல்லிய வளையம், அரைவட்டம் | பெரிய பாத்திரத்தில் அலசி, கையால் அள்ளுவது | முழுசாகப் போகும் | வதக்கல், சூப் |
| 3–4 செ.மீ. துண்டுகள் | 10 நிமிடம் ஊறவிட்டு அலசுவது | பெரும்பாலும் போகும் | எண்ணெயில் மெதுவாக வேகவைப்பது |
| நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தது | ஓடும் தண்ணீரில் விசிறி போல விரித்து | நன்றாகப் போகும் | ஓவனில் சுடுவது, அதிகத் தீயில் வதக்குவது |
| வேர்ப்பக்கம் விட்டு மேற்பாதி மட்டும் கீறியது | தலைகீழாகப் பிடித்து, மடல் மடலாக | பொறுமை இருந்தால் போகும் | முழுசாக வேகவைப்பது |
| கீறாத முழுத்தண்டு | வெளியே மட்டும் | உள்ளே இருப்பது போகாது | நேரடித் தீயில் சுடுவது |

முதல் வரிசையில் "கையால் அள்ளுவது" என்று எழுதியிருப்பதைக் கவனிக்காமல் தாண்டிவிடாதீர்கள். நறுக்கிய லீக்ஸைப் பாத்திரம் நிறையத் தண்ணீரில் போட்டு, விரல்களால் வளையங்களைப் பிரித்துவிட்டு, இரண்டு நிமிடம் அப்படியே விட்டால் மண் அடியில் படியும், லீக்ஸ் மேலே மிதக்கும். இப்போது பாத்திரத்தைத் தூக்கி வடிதட்டில் கவிழ்த்தால் என்ன ஆகும்? அடியில் இருந்த மண் அத்தனையும் கடைசியாக லீக்ஸின் தலையிலேயே கொட்டும். மிதப்பதை மேலோடு அள்ளி எடுங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டு விரலால் பாத்திரத்தின் அடியைத் தடவிப் பாருங்கள். நெருநெருவென்று ஏதாவது தட்டுப்பட்டால் இன்னொரு தடவை.

## வெண்ணெயில் மெதுவாக வதக்குவது

இதற்கு எந்தத் தடிமனும் ஒத்துவரும். மெலிந்ததும் தடித்ததும் கலந்த கட்டு, கொஞ்சம் வாடிய கட்டு, வெளிமடல் அடிபட்ட கட்டு என்று எதுவானாலும் அரைவட்டமாக நறுக்கிவிட்டால் வித்தியாசம் தெரியாது. கழுவலும் இதில்தான் எளிது.

சுத்தம் செய்த 500 கிராம் லீக்ஸுக்கு 40 கிராம் வெண்ணெய். அகலமான, அடி கனத்த பாத்திரம். வெண்ணெய் உருகியதும் லீக்ஸைப் போட்டு, தொடக்கத்திலேயே ஒரு சிட்டிகை உப்பு. உப்பு தண்ணீரை இழுத்துவிடும், அந்தத் தண்ணீரிலேயே வேகும். மூடி போட்டுச் சிறுதீயில் 20 முதல் 25 நிமிடம். நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறினால் போதும். முதலில் பாத்திரம் நிரம்பி வழிகிற மாதிரி இருக்கும், பத்து நிமிடத்தில் பாதியாகும், முடிவில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. கரண்டியில் எடுத்தால் வளையங்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டும், ஆனால் நாக்கில் வைத்து அழுத்தினால் கரைய வேண்டும். அதுதான் பதம்.

வெங்காயம் வதக்கிப் பழகிய கை இங்கேதான் தவறும். வெங்காயம் பொன்னிறமானால் ருசி கூடும். லீக்ஸின் மடல்கள் அதைவிட மெல்லியவை, நுனி கருகினால் கசக்கும், காகிதம் மாதிரி ஆகிவிடும். "கொஞ்சம் சிவக்கட்டுமே" என்று தீயைக் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். தண்ணீர் வற்றி ஒட்டுகிற மாதிரி இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு மறுபடி மூடுங்கள்.

மறைவான செலவு இரண்டு. ஒன்று வெண்ணெய்: குறைத்தால் லீக்ஸ் வேகும், ஆனால் அந்தப் பட்டுப்போன்ற வழவழப்பு வராது. பாதி வெண்ணெய், பாதி ஆலிவ் எண்ணெய் என்று போட்டால் ஓரளவு சமாளிக்கலாம். இரண்டாவது, அளவு ஏமாற்றும். நாலு பேருக்கு என்று நினைத்து ஒரு கிலோ வாங்கி, பச்சையை வெட்டி, வதக்கி முடித்தால், தட்டில் ஆளுக்கு ஒரு கரண்டி. அதனால் இதைத் தனித் தட்டாக நினைக்காமல் அடித்தளமாக நினைப்பது நல்லது: ஆம்லெட்டுக்குள், பாஸ்தாவில், டார்ட்டின் அடியில், வெந்த மீனுக்கு அடியில்.

ஒரு பெரிய வசதி, இது காத்திருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் தாங்கும், உறையவைத்தால் இரண்டு மூன்று மாதம். சமைக்காத லீக்ஸை அப்படியே உறையவைத்தால் உருகியதும் தொளதொளவென்று ஆகிவிடும். வதக்கியதை உறையவைத்தால் அந்தத் தொல்லை இல்லை. வேலை நாள்களில் சமைக்க நேரமில்லாதவர், ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டு முழுவதையும் வதக்கிச் சின்னச் சின்ன டப்பாக்களில் வைத்துவிடலாம். ஒரே ஒரு வழி மட்டும் கற்றுக்கொள்வேன் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

## உருளைக்கிழங்கோடு சூப்

செலவு குறைவு, வயிறு நிறையும், தவறு செய்தாலும் பெரும்பாலும் மன்னித்துவிடும். தடித்த குளிர்கால லீக்ஸுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. மெலிந்த இளசுகளைச் சூப்பில் போடுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம், அவை வேறு இடத்தில் இன்னும் நன்றாக இருக்கும்.

500 கிராம் லீக்ஸ், 400 கிராம் உருளைக்கிழங்கு, ஒரு லிட்டர் தண்ணீர் அல்லது ஸ்டாக் (காய்கறியோ எலும்போ வேகவைத்து வடித்த சாறு). லீக்ஸை வெண்ணெயில் பத்து நிமிடம் வதக்கிவிட்டு, கிழங்கையும் தண்ணீரையும் சேர்த்து இருபது நிமிடம் கொதிக்கவிட்டால் வேலை முடிந்தது. மாவுத்தன்மை உள்ள கிழங்கு சூப்பைக் கெட்டியாக்கும். மெழுகுபோல இறுகி நிற்கிற கிழங்கு துண்டு துண்டாகக் கிடக்கும் சூப்புக்குப் பொருத்தம்.

வம்பு மிக்ஸியில்தான். வெந்த உருளைக்கிழங்கை வேகமான பிளேடால் நெடுநேரம் அடித்தால் மாவுச்சத்து வெளியேறி, சூப் பசைபோல இழுக்க ஆரம்பிக்கும். கரண்டியைத் தூக்கினால் நூல்போல நீளும். அதைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை. மத்தால் மசித்துச் சல்லடையில் தேய்த்து எடுப்பது பழைய வழி, சிரமமானது, ஆனால் பசையாகாது. மிக்ஸிதான் என்றால் விட்டு விட்டுச் சில நொடிகள் மட்டும். கொதிக்கிற சூப்பை ஜார் நிறைய ஊற்றி மூடியை இறுக்கி ஓட்டினால் ஆவி மூடியைத் தூக்கி எறியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதி ஜார், மூடியின் மேல் துணி.

இன்னொரு மறைவான செலவு நிறம். கொஞ்சம் கரும்பச்சை சேர்த்தாலும் நீண்ட கொதியில் பச்சையம் மங்கி, சூப் பழுப்பு கலந்த ஒரு சாம்பல் பச்சைக்குப் போய்விடும். ருசியில் குறை இல்லை, கண்ணுக்குத்தான் குறை. பச்சை வேண்டுமென்றால் இளம்பச்சைப் பகுதியைத் தனியாக ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்துக் கடைசியில் சேருங்கள்.

இதே சூப்பைக் கிரீம் சேர்த்துக் குளிரவைத்தால் விஷிசுவாஸ். நியூயார்க் ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டலில் சமையல் தலைவராக இருந்த லூயி டியா என்ற பிரெஞ்சுக்காரர் 1917ஆம் ஆண்டு வாக்கில் இதைச் செய்ததாகச் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் வீட்டில் மிஞ்சிய சூப்பில் குளிர்ந்த பால் ஊற்றிக் குடித்த ஞாபகத்தில் வந்ததாம். குளிர்ந்தால் நாக்குக்கு உப்பு குறைவாகத் தெரியும், அதனால் சூடாக இருக்கும்போது சரியாக இருந்த உப்பு குளிர்ந்தபின் போதாது. இலையுதிர் காலத்துக்கு நான் சூடாகவே குடிப்பேன்.

எப்போது இது சரி? பெரிய குடும்பம், தடித்த கட்டு, குறைந்த செலவு, குளிரான மாலை. மறுநாளும் நன்றாக இருக்கும், கொஞ்சம் கெட்டிப்படும், தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம். எப்போது வேண்டாம்? லீக்ஸ் எப்படி ருசிக்கும் என்று முதல்முறையாகத் தெரிந்துகொள்ள நினைப்பவருக்கு வேண்டாம். கிழங்கு முன்னால் நின்று லீக்ஸை மறைத்துவிடும்.

## முழுசாக வேகவைத்து, டிரெஸ்ஸிங்கோடு

இது மெலிந்த இலையுதிர் லீக்ஸுக்கென்றே பிறந்த சமையல். பிரான்சில் இதை வினிகர் டிரெஸ்ஸிங்கோடு சாப்பிடுவார்கள். லீக்ஸுக்கு அங்கே "ஏழையின் ஆஸ்பரகஸ்" என்று ஒரு பட்டப்பெயரே உண்டு. நன்றாக அமைந்தால் ஆஸ்பரகஸ் தோற்றுப்போகும். அமையாவிட்டால் சொதசொதவென்று ஈரத்துணியை மென்ற மாதிரி இருக்கும். நடுவழி இல்லை.

எல்லாத் தண்டும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். இது முதல் நிபந்தனை, இதில் சமரசம் கிடையாது. வேர்க் குஞ்சத்தை மட்டும் ஒட்ட வெட்டி, மடல்கள் பற்றியிருக்கும் அடிவட்டை விட்டுவிடுங்கள். அது போனால் எல்லா மடலும் கழன்றுவிடும். மேற்பாதியை மட்டும் நீளவாக்கில் கீறி, இலைநுனி கீழே பார்க்கும்படி பிடித்து, ஓடும் தண்ணீரில் மடல் மடலாக விரித்துக் கழுவுங்கள். என் விருந்தாளிகளை நறநறக்க வைத்த கதை நடந்தது இந்த ஒரு நிமிட வேலையைச் சோம்பலில் விட்டதால்தான்.

உப்புப் போட்ட கொதிநீரில் மெலிந்தது 12 முதல் 15 நிமிடம், தடித்தது 20 நிமிடத்துக்கு மேல். வேர்ப்பக்கத்தில் கத்தியை விட்டுப் பாருங்கள். தடை இல்லாமல் இறங்க வேண்டும். லீக்ஸைப் பாதி வேக்காட்டில் கடக்கென்று பரிமாறுவது நாகரிகம் என்று நினைக்காதீர்கள். அரைவேக்காட்டு லீக்ஸைக் கத்தியால் வெட்டினால் மடல்கள் வழுக்கிக்கொண்டு ஓடும், நார் பல்லில் மாட்டும்.

வெந்தபின் வடிப்பதுதான் பாதிச் சமையல். ஒவ்வொரு மடலுக்கும் நடுவில் தண்ணீர் தேங்கியிருக்கும். இலைப்பக்கம் கீழே வரும்படி வடிதட்டில் சாய்த்து நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு, பிறகு சுத்தமான துணியில் வைத்து மெல்ல அழுத்தி எடுங்கள். கையளவு தண்ணீர் வெளியே வரும். அதை விட்டுவிட்டால் அந்தத் தண்ணீர் தட்டில் வந்து டிரெஸ்ஸிங்கைக் கழுவிவிடும். ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு எண்ணெய், ஒரு கரண்டி கடுகு விழுது, உப்பு. லீக்ஸ் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊற்றினால்தான் உள்ளே இறங்கும்.

வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், லேசான இனிப்போடு இருக்கும், மறுநாள் சூப்புக்கு ஆகும். கொட்டிவிட்டால் அதுவும் ஒரு மறைவான செலவுதான்.

இதற்கு ஒரு பெரியப்பா மகன் இருக்கிறான்: ஆலிவ் எண்ணெயில் மெதுவாக வேகவைப்பது. துருக்கியில் பெயர்பெற்ற வழி. 3 அல்லது 4 சென்டிமீட்டர் துண்டுகள், கூடவே கேரட், ஒரு கைப்பிடி அரிசி, தாராளமாக ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் தண்ணீர், மூடி போட்டு அரை மணி நேரம். ஆறவிட்டு எலுமிச்சை பிழிந்து சாப்பிடுவார்கள். துண்டாக்கிவிடுவதால் தடிமன் வேறுபாடு அவ்வளவு உறுத்தாது, கழுவலும் எளிது, மறுநாள் ருசி கூடும். முழுசாக வேகவைக்கப் பயப்படுகிறவர்கள் இங்கே தொடங்கலாம். எலுமிச்சையைக் கடைசியில்தான் பிழிய வேண்டும். புளிப்பு முன்பே சேர்ந்தால் பச்சை நிறம் மங்கும், வேகவும் நேரமாகும்.

## சுடுவது: ஓவனிலும் நேரடித் தீயிலும்

இரண்டும் ஒரே பெயரில் சுற்றினாலும் வேறு வேறு வேலை.

ஓவன் வழியில் நீளவாக்கில் பிளந்து, கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி, வெட்டுமுகம் கீழே வரும்படி தட்டில் அடுக்கி, 200 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். முதல் 15 நிமிடம் ஃபாயில் மூடி, அப்புறம் திறந்து இன்னும் 15. மூடாமல் வைத்தால் உள்ளே வேகும் முன்பே வெளிமடல் காய்ந்து தோல்போல ஆகிவிடும். ஈரத்தோடு வைத்தால் சுடாது, ஆவியில் அவியும். சரியாக வந்தால் அடிப்பக்கம் பொன்னிறமாக, ஒட்டும் இனிப்போடு இருக்கும். வதக்கலில் வேண்டாம் என்று சொன்ன அந்தச் சிவப்பு இங்கே நல்லது. ஏனென்றால் சிவப்பது வெட்டுமுகம் மட்டும்தான், மீதி உள்ளேயே தன் நீரில் வேகிறது.

மறைவான செலவு எரிபொருள். அரைக்கிலோ லீக்ஸுக்காக ஓவனைச் சூடேற்றவே 15 நிமிடம், சுட அரை மணி. வேறு ஏதாவது உள்ளே போகிற நாளில் ஒரு தட்டு லீக்ஸும் கூடப் போனால் கணக்குச் சரி. இதற்காக மட்டும் ஓவனைப் போட எனக்கு மனசு வராது. பிளந்துவிடுவதால் மண் தொல்லை குறைவு என்பது இதன் பெரிய பலம்.

நேரடித் தீயில், முழுத்தண்டையும் கரிக்கனல் மேலேயோ கேஸ் சுடரிலோ வைத்துத் திருப்பித் திருப்பி வெளிமடல்கள் கன்னங்கரேலென்று ஆகும்வரை சுடுவது. அந்தக் கருகிய மடல்கள் உறைபோல மூடிக்கொள்ள, உள்ளே தன் ஆவியிலேயே வெந்துவிடும். பிறகு கருகியதை உரித்து எறிந்தால் உள்ளே இருக்கும் வெள்ளைத்தண்டு புகை மணத்தோடு வெண்ணெய்போல இருக்கும். முழுக் கட்டிலேயே இதுதான் அதிகம் ருசிப்பது என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் கணக்குப் பாருங்கள்: பச்சை முழுக்கப் போச்சு, இரண்டு மூன்று வெளிமடல் போச்சு, பாதி நேரம் அடுப்பருகே நின்றாக வேண்டும், வீடு முழுக்கப் புகை. கேஸ் அடுப்பின் பர்னரில் சாம்பல் ஒட்டிக்கொள்ளும். கழுவ முடியாததால் பச்சை தொடங்கும் இடத்துக்குக் கீழேயே வெட்டிவிட வேண்டும், உரித்தபின் ஒருமுறை பிரித்துப் பார்க்கவும் வேண்டும். 3 சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இருந்தால் முயற்சிக்கவே வேண்டாம். வெளியே கனல் மூட்டி வேறு எதையோ சுட்டு முடித்து, தணல் மிஞ்சியிருக்கிற நாள்தான் இதற்கு நாள்.

## அதிகத் தீயில் சட்டென்று

மெலிந்தது, புதுசு, அவசரம். இந்த மூன்றும் சேர்ந்தால் இது. பிளந்து கழுவி, சாய்வாக மெல்லிசாக நறுக்கி, சூடான வாணலியில் எண்ணெய் விட்டு நாலு நிமிடம். ஈரம் துளிகூட இருக்கக் கூடாது. நகரவும் கூடாது, கைவிடாமல் கிளற வேண்டும். இளம்பச்சை இலைகளும் இதில் சேரும் என்பதால் வீணாவது குறைவு. ஆனால் இலையை நீளவாக்கில் நறுக்காதீர்கள், நார் நீளநீளமாக வாயில் சுற்றும். நாருக்குக் குறுக்காக வெட்டுங்கள். மறுநாளைக்கு இது ஆகாது, அன்றைக்கே தீர வேண்டும்.

## பச்சையைத் தூக்கி எறிவதற்கு முன்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் கரும்பச்சை இலைகள் மிஞ்சும். நன்றாகக் கழுவி ஸ்டாக்கில் போட்டால் அதற்கு மேல் சிரமமில்லை. வெங்காயம் சாப்பிட்டால் வயிறு உப்புகிறவர்களுக்கு இந்தப் பச்சைதான் உதவும். தொல்லை தருகிற ஃப்ரக்டான் என்ற கார்போஹைட்ரேட் வெள்ளைப் பகுதியில்தான் அதிகம், பச்சை இலையில் குறைவு. மெல்லிசாகக் குறுக்கே அரிந்து, கொஞ்சம் கூடுதல் நேரம் வதக்கினால் சாப்பிடலாம். மறுபக்கம், பச்சை இலைகளில் வைட்டமின் கே நிறைய இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று அளவைக் கூட்டாமல், வழக்கமான அளவிலேயே வைத்துக்கொள்வது நல்லது. வடிகட்டிய ஸ்டாக்கின் சக்கையை நாய்க்கோ பூனைக்கோ வைத்துவிடாதீர்கள். வெங்காயக் குடும்பம் முழுக்க அவற்றுக்கு நஞ்சு, வெந்தாலும் நஞ்சுதான்.

## குழப்பமான கட்டுகள்

செய்முறைகள் எல்லாம் ஒரே அளவான, புத்தம்புது லீக்ஸை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் கைக்கு வருவது அப்படி இருக்காது.

தடித்ததும் மெலிந்ததும் கலந்திருந்தால் பிரித்துவிடுங்கள். மெலிந்தவற்றை முழுசாக வேகவைக்கவோ சுடவோ, தடித்தவற்றை வதக்கவோ சூப்புக்கோ. ஒரே பாத்திரத்தில்தான் ஆகவேண்டும் என்றால் எல்லாவற்றையும் நறுக்கிவிட வேண்டியதுதான், வேறு வழியில்லை.

ஒரு வாரமாகக் குளிர்சாதனப் பெட்டியில் கிடந்து வாடியிருந்தால் சுடுவதை மறந்துவிடுங்கள். வெளிமடல் இரண்டை உரித்துவிட்டு வதக்குங்கள். அடுத்த முறை கழுவாமல், வெட்டாமல் ஒரு பையில் சுற்றி வைத்தால் ஒரு வாரம் பத்து நாள் நன்றாக இருக்கும். ஆப்பிள் பக்கத்தில் வைக்காதீர்கள், அது விடும் எத்திலீன் இலைகளை மஞ்சளாக்கும். வெண்ணெயையும் திறந்து வைக்காதீர்கள், லீக்ஸ் வாசனை ஏறிவிடும்.

விருந்தாளிகள் வருகிறார்கள், முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும் என்றால் ஆலிவ் எண்ணெய் வழி. விருந்தாளிகள் வருகிறார்கள், கொஞ்சம் அசத்தவும் வேண்டும் என்றால் முழுசாக வேகவைத்தது, ஆனால் முதல் நாள் ஒரு தண்டை வைத்து ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

வாங்கும்போது ஒரு விஷயம். அடிப்பக்கம் வெங்காயம்போல உருண்டு புடைத்திருக்கிறதா, நடுவில் அழுத்தினால் குச்சிபோலக் கட்டியாகத் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். லீக்ஸ் ஈராண்டுச் செடி. குளிர்காலம் தாண்டி வசந்தம் நெருங்கினால் பூப்பதற்காக நடுவில் ஒரு தண்டை அனுப்பும். அது எவ்வளவு வேகவைத்தாலும் மரக்குச்சிதான். இலையுதிர் காலத்தில் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. இந்தப் பருவத்து லீக்ஸுக்கு நான் காத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தெரியாமல் அப்படி ஒன்று வந்துவிட்டால் நீளவாக்கில் பிளந்து, அந்தக் குச்சியை உருவி ஸ்டாக் பானையில் போட்டுவிட்டு, சுற்றியிருக்கும் மடல்களை அரைவட்டமாக அரிந்து வதக்கிவிடுங்கள்.